பதினாறு துண்டு

பேரிக்காய் மரத்தில் பழுப்பதில்லை. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரியாது. காயாகவே பறிக்க வேண்டும். குளிர் அறையில் கொஞ்ச நாள் வைத்து, வெளியே எடுத்துச் சமையல் மேடையில் விட்டால் பழுக்கும். அதுவும் உள்ளிருந்து வெளியே பழுக்கும். மேல்தோல் மெத்தென்று ஆகிவிட்டால் நடுவில் அழுகிவிட்டது என்று அர்த்தம். அதனால் காம்புக்குக் கீழே, கழுத்தில், கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்ப்போம். கழுத்து அழுந்தினால் சாப்பிடலாம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் மனைவி கெல்சி. நான் போர்ட்லாண்டில் வேதியியல் படித்தவன். அவள் இங்கே, மெட்ஃபோர்டில், பேரித் தோப்புகளுக்கு நடுவில் பிறந்தவள். கடையில் பேரிக்காய் அடுக்கைக் கடந்து போகும்போதுகூட, வாங்காவிட்டாலும், நாலு கழுத்தைத் தொட்டுவிட்டுத்தான் போவாள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன், மிஸ் ஹலோரன். கடைகளில் விற்றுக்கொண்டிருந்தவன் ஏன் இணையத்துக்குப் போனேன் என்று கேட்டீர்கள். ஷெரிஃப் அலுவலகத்தில் இதை யாராவது கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. காபிக்கும் நன்றி.

ஜூனிப்பர் இன்னும் கண் திறக்கவில்லை என்று வரும் வழியில் சொன்னீர்கள். கெல்சியின் அண்ணன் மகள். பதினேழு வயது. எங்கள் பேரி மிட்டாயைத் தின்றுவிட்டு வண்டி ஓட்டியிருக்கிறாள். ஆப்பிள்கேட் ஆற்றோர வளைவில் வண்டி மரத்தில் மோதியிருக்கிறது. அந்த மிட்டாய் அவள் கைக்கு எப்படிப் போனது என்பதுதான் உங்களுக்கு வேண்டும். சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றப் பெட்டிகளில் இல்லாத எதையும் நான் அந்தப் பெட்டியில் வைக்கவில்லை.

கெல்சிதான் அந்த மிட்டாயைக் கண்டுபிடித்தாள். அப்போது அவளுக்கு நோய் இல்லை. பேரிக்காய்க் கூழ், அதை இறுகவைக்கும் பெக்டின், சர்க்கரை, கஞ்சாச் சாறு. அவளுடைய அம்மாவின் பழைய வெண்கல அச்சில் ஊற்றுவாள். முழுப் பேரிக்காய் வடிவம், உள்ளங்கை அளவு, காம்புக்கு ஒரு கிராம்பு. மேலிருந்து கீழாகப் பதினாறு கோடு. ஒரு துண்டு ஒரு ஆளுக்குப் போதும். முழுதும் தின்றால் ஆள் தாங்காது.

பெட்டியில் ஒரு மரக்கத்தி வைக்க வேண்டும் என்றது அவள்தான். ஐஸ்கிரீம் குச்சியை விடக் கொஞ்சம் அகலம். எனக்கு அது தண்டச் செலவாகப் பட்டது.

“கத்தி வைக்கலேன்னா கடிச்சுத் தின்னுடுவாங்க வெஸ். பேரிக்காயப் பாத்தா மனுசனுக்குக் கடிக்கத்தான் தோணும்.”

“அதான் கோடு போட்டிருக்கே.”

“கோட்ட எவன் பாப்பான்? கத்தியப் பாத்தா ஒரு நிமிசம் நிப்பான். அந்த ஒரு நிமிசம்தான் நமக்கு வேணும்.”

கத்தியைச் சுற்றி ஒரு சிறு காகிதம். அதில் அவள் கைப்பட எழுதி, அப்படியே அச்சடித்த வாசகம்: ஒரு துண்டு. ஒன்றரை மணி நேரம். அப்புறம் யோசி. எங்கள் வாடிக்கையாளர்கள் இதைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டவனுக்கு ஒருத்தி இதையே பதிலாகச் சொன்னாளாம்.

கெல்சியின் அண்ணன் ராய்ஸுக்குப் பள்ளத்தாக்கில் மூன்று கஞ்சாக் கடைகள். எங்கள் பேரியை முதலில் வாங்கி வைத்தவர் அவர்தான். அதை நான் மறுக்க மாட்டேன். மூன்று கடையிலும் கண் மட்டத்துத் தட்டில் எங்கள் பேரி இருந்தது. இந்தத் தொழிலில் கண் மட்டம்தான் எல்லாம். வாடிக்கையாளர் வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே வருவார்; நேரே பார்ப்பார்; கண்ணில் படுவதைக் கேட்பார். குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

பிறகு கெல்சிக்குக் கணையத்தில் புற்று. மருந்து ஏற்றிய நாட்களில் எதுவும் வயிற்றில் தங்காது. தன் பேரியில் ஒரு துண்டு வெட்டி நாக்கடியில் வைத்துக்கொண்டால் கொஞ்சம் சூப் குடிப்பாள். நான்தான் வெட்டிக் கொடுப்பேன்.

அந்தக் கோடையில் ராய்ஸ் வீட்டுக்கு வந்து அச்சைக் கேட்டார். வெளியூர் வியாபாரி ஒருவரிடம் காட்ட வேண்டும் என்றார். நான் கெல்சியைப் பார்த்தேன். “குடு வெஸ், அண்ணன்தானே” என்றாள். கொடுத்தேன்.

பத்து நாளில் ஆள் மூலம் அச்சைத் திருப்பி அனுப்பினார். அடுத்த மாதம் சரக்கு கொண்டுபோனபோது கண் மட்டத்தில் ஒரு பேரி இருந்தது. எங்களுடையது இல்லை. அதே வடிவம், அதே கிராம்பு, அதே பதினாறு கோடு. உறையில் ராய்ஸ் கடையின் பெயர். எங்களுடையது அடித்தட்டில், கஞ்சா புகைக்கும் குழாயைக் கழுவும் திரவத்துக்குப் பக்கத்தில் இருந்தது. முழங்கால் போட்டால்தான் எடுக்க முடியும்.

“என்ன ராய்ஸ் இது?”

“எது மாப்ள?”

“இது.”

“பேரிக்கா. ஊர் பூரா காச்சுத் தொங்குது. நீயும் அவளும் பட்டா வாங்கி வச்சிருக்கீங்களா என்ன?”

“இது கெல்சியோட அச்சு.”

“எங்கம்மாவோட அச்சு. அம்மா போனப்ப அவ தூக்கிட்டுப் போனா, நான் வாயத் தொறந்தேனா?”

“வியாபாரிகிட்டக் காட்டணும்னுதான வாங்கிட்டுப் போனீங்க?”

“காட்டினேன். புடிச்சிருக்குன்னான்.” சிரித்தார். “மூஞ்சியத் தூக்காத மாப்ள. வெளிச்சரக்க வச்சு வித்தா எனக்கு என்ன மிஞ்சும்? வரி, வாடகை, வாசல்ல ஒருத்தன், உள்ள நாலு பேரு. சொந்தச் சரக்கு இருந்தாத்தான் கடை நிக்கும். எல்லாக் கடைக்காரனும் இதத்தான் பண்றான். உன்னுத நான் எடுத்தா போட்டேன்? கீழ இருக்குல்ல?”

“அவ ஆஸ்பத்திரில இருக்கா.”

“என் தங்கச்சி எங்க இருக்கான்னு எனக்கே சொல்றியா?” ஒரு பெட்டி கோணலாக இருந்தது; அதை நேராக வைத்தார். “ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லு. அப்புறம், ருசி எப்டின்னு மட்டும் எங்கிட்டக் கேக்காத. எனக்கு சக்கரை. நாக்குல வச்சாலே டாக்டர் கத்துறான். ஜனங்க நல்லாருக்குங்கறாங்க.”

அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

“அண்ணன் வந்தானா?” என்று கெல்சி கேட்டாள்.

“வந்தார். நீ தூங்கிட்டிருந்த.”

“எழுப்பக் கூடாதா? பன்னி.”

“நல்லாத் தூங்குறா, இருக்கட்டும்னார்.”

“ஏதாச்சும் வாங்கிட்டு வந்தானா?”

“இல்ல.”

“கஞ்சப் பய” என்று சிரித்தாள். அவளுக்குத் திருப்தியாக இருந்தது. பேரி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். கண் மட்டத்தில் என்றேன். இந்த இரண்டு பொய்களையும் நான் தினமும் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். சின்னச் சின்ன விவரங்கள் சேர்த்தேன். ராய்ஸ் என்ன சட்டை போட்டிருந்தார், என்ன சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு மருந்தைவிட அது உதவியது. படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது உண்மையாகவே உதவியது.

ஜூனிப்பர் வாராவாரம் வந்தாள். அவள் அப்பாவைப் போல இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் வருவாள், அத்தைக்கு நகச்சாயம் பூசுவாள், பையன்களைப் பற்றிப் பேசுவாள். கெல்சிக்குக் குழந்தை இல்லை. இவள்தான் எல்லாம்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அது உங்களுக்குத் தெரிய வேண்டும். நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு ராய்ஸின் அம்மா அதே அச்சில் சாதாரணப் பேரி மிட்டாய் செய்வார். கஞ்சா கிடையாது, வெறும் இனிப்பு. ஆளுக்கு ஒன்று. கிராம்பைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் முழுதாகத் தின்ன வேண்டும். நடுவில் கீழே வைத்தால் அன்றைக்குப் பாத்திரம் எல்லாம் அவர்தான் கழுவ வேண்டும். அம்மா போன பிறகு கெல்சி செய்தாள். நான் கல்யாணமாகி வந்த வருடமே தோற்றேன். இருபது பேர் தின்ற தட்டுகளைக் கழுவினேன். ஜூனிப்பர் ஐந்து வயதிலிருந்து தோற்றதே இல்லை. தாடையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்ட, இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள்.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள். காட்டுத்தீப் புகை; ஆஸ்பத்திரி ஜன்னலில் வானம் பழுப்பாக இருந்தது. ஜூனிப்பர் அத்தையின் சுண்டுவிரலுக்குச் சாயம் பூசிக்கொண்டே சொன்னாள்.

“அத்தை, உங்க பேரி இப்ப எங்க கடையோட பேரி தெரியுமா? அப்பாவே போடறாரு. கண்ணுக்கு நேரா அடுக்கி வச்சிருக்காரு. அதான் இங்க வரக்கூட நேரமில்ல, ஒரு நாள்கூட வர முடியலையேன்னு சொல்லிட்டே இருக்காரு. எனக்குப் பெருமையா இருக்கு அத்தை.”

கெல்சி “அப்டியா கண்ணு?” என்றாள். விரலை இழுத்துக்கொள்ளவில்லை. சாயம் காயும்வரை நீட்டியே வைத்திருந்தாள்.

ஜூனிப்பர் போன பிறகு கேட்டாள்.

“அடித்தட்டா?”

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

“ஒரு நாளும் வரலையா?”

அவள் என்னைப் பார்த்தாள். அண்ணனைப் பார்க்க வேண்டிய பார்வை அது. அவர் அங்கே இல்லாததால் என்மேல் விழுந்தது. பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு பேரித் துண்டு கேட்கவில்லை. வெட்டிக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். அக்டோபரில் அவளுடைய பிறந்தநாள். அதற்கு முன்பே போய்விட்டாள்.

ஜூனிப்பர்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவள் நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னாள். அந்தக் குடும்பத்தில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்வதில்லை.

சவ அடக்கத்தில் ராய்ஸ் நிறைய அழுதார்.

இப்போது உங்கள் கேள்வி. கடையில் விற்பவனுக்கு உரிமம் வேண்டும், பரிசோதனை வேண்டும், செடிக்கு ஒரு எண் வேண்டும், சமையலறை முழுக்கக் கேமரா வேண்டும். இத்தனையும் செய்து கடைசியில் எதை எந்தத் தட்டில் வைப்பது என்பதைக் கடைக்காரர்தான் தீர்மானிப்பார். மாநில எல்லை இங்கிருந்து அரை மணி நேரம். அதைத் தாண்டி ஒரு மிட்டாய் போகக் கூடாது.

ஹெம்ப் என்பது வேறு செடி இல்லை. அதே செடிதான். ஒரு பொருளின் எடையில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் போதைச் சத்து இல்லையென்றால் நாட்டின் சட்டத்துக்கு அது கஞ்சா இல்லை, ஹெம்ப். தபாலில் போகலாம். கடன் அட்டையில் வாங்கலாம். சட்டத்தை எழுதியவர்கள் வயலில் நிற்கும் செடியை மனதில் வைத்து எழுதினார்கள். செடி லேசானது. மிட்டாய் கனமானது. கெல்சியின் பேரியைத் தராசில் வைத்துக் கணக்குப் போட்டேன். அது கடையில் இருந்த காலத்திலேயே, எடைப்படி, ஹெம்ப்தான். நான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சாற்றை ஹெம்ப் வயல்காரரிடம் வாங்கினேன். மேலே ஒட்டும் காகிதத்தை மாற்றினேன். அவ்வளவுதான்.

என்னைப் போலப் பலர் போய்விட்டார்கள். பேராசை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. சிலருக்கு அப்படி இருக்கலாம். பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு நாள் சரக்கு கொண்டுபோய், தட்டைப் பார்த்து, முழங்கால் போட்டவர்கள்.

ராய்ஸ் போன் செய்தார்.

“என்ன மாப்ள, தபால்காரனாயிட்டியாமே?”

“ஆமா.”

“வாசல்ல ஒரு ஆளு வேணாமா? சின்னப் பசங்க வாங்குனா?”

“வெப்சைட்டே இருபத்தொண்ணு ஆச்சான்னு கேக்குது. ஆமான்னு அமுக்கினா உள்ள விடுது.”

“நல்லாருக்குடா நியாயம். நான் எங்கம்மாவுக்கே அட்டை கேட்டவன்.”

அது உண்மை. கடை திறந்த அன்று சொந்த அம்மாவை வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார். ஊரே சொல்லிச் சிரித்த கதை. அம்மாவை நிறுத்தியவர், தங்கையைப் பார்க்க வரவில்லை.

ஒவ்வொரு பெட்டியையும் நானே கட்டினேன். பேரி, கத்தி, கத்தியைச் சுற்றிக் காகிதம். ஹெம்ப்புக்கு இதெல்லாம் வைக்க வேண்டும் என்று நாட்டின் சட்டம் சொல்லவில்லை. கெல்சி சொன்னதால் வைத்தேன். டெக்சாஸ், ஜார்ஜியா, ஃப்ளோரிடா என்று போயிற்று. யாரும் கடித்துத் தின்றதாகப் புகார் வந்ததில்லை. கத்தியைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றிருக்கிறார்கள்.

எங்கள் மாநிலத்துக்கு மட்டும் அனுப்பக் கூடாது. இங்கே ஹெம்ப் மிட்டாய்க்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. அதனால் இங்கிருந்து யார் கேட்டாலும் இணையத்தில் ஆர்டர் வாங்கும் இயந்திரமே மறுத்துவிடும். மறுத்தவற்றைக் காலையில் ஒருமுறை பார்ப்பேன். இந்தச் செப்டம்பரில் அப்படி ஒன்று வந்திருந்தது. ராய்ஸ் பெயர், ராய்ஸ் வீட்டு முகவரி. ஒரு பேரி.

ராய்ஸ் என் சரக்கை வேவு பார்க்கிறார் என்று நினைத்ததாக நேற்று உங்கள் சகாவிடம் சொன்னேன். அதில் கொஞ்சம் திருத்தம் இருக்கிறது. ராய்ஸ் இனிப்பு தொடமாட்டார். மனைவி பிரிந்து போய் எட்டு வருடம். அவரைத் தவிர அந்த வீட்டில் இருப்பது ஒரே ஆள். இயந்திரத்துக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

இயந்திரம் முடியாது என்றது. நான் ஒரு பெட்டியை எடுத்துக் கட்டினேன். காசு வாங்கவில்லை, சொந்தப் பெண். மேலே அவள் பெயரையே எழுதினேன்.

பெட்டி வந்ததும் அவள் எனக்குப் போன் செய்தாள். அழைப்பு அவள் போனில் பதிவாகியிருக்கிறது. என்ன பேசினோம் என்பது பதிவாகியிருக்காது. அதனால் சொல்கிறேன்.

“மாமா, கோவமா? நான்தான் அப்பா பேர்ல கேட்டேன். அது முடியாதுன்னுச்சு. எப்டி கண்டுபுடிச்சீங்க?”

“உங்கப்பா பேரி சாப்பிட மாட்டாரே.”

சிரித்தாள். “அத்தை பொறந்தநாளுக்கு மாமா. குன்று மேல கல்லறைக்குப் போயி, அத்தை முன்னாடி ஒரே மூச்சுல திங்கப் போறேன். கீழ வைக்க மாட்டேன். நீங்களும் வர்றீங்களா?”

“என்னால பாத்திரம் கழுவ முடியாதும்மா.”

அதற்கும் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

“மாமா, இது விருந்துக்குச் செய்யுற பழைய பேரி மாதிரிதானே? ஹெம்ப்புதானே போட்டிருக்கு? ஹெம்ப்புன்னா போதையெல்லாம் இருக்காதுல்ல?”

கஞ்சாக் கடைக்காரரின் மகள். அப்பா ஒருநாளும் அவளைக் கடைக்குள் நெடுநேரம் நிற்க விட்டதில்லை. சரக்கைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. அதில் அவர் கண்டிப்பானவர். அவளுக்கு அந்த ஒரு சொல்தான் தெரிந்திருந்தது. ஹெம்ப் என்றால் அந்த நாரில் செய்யும் கயிறு, துணி.

“சட்டப்படி அது கஞ்சா இல்ல கண்ணு” என்றேன்.

அது சரியான பதில். நீங்களே சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம்.

“அங்க எவ்ளோ நேரம் இருப்ப?” என்று கேட்டேன்.

“ஒரு மணி நேரம் உக்காருவேன். இருட்டுறதுக்குள்ள கெளம்பிடுவேன். அப்பா திட்டுவாரு.”

ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம் என்று கெல்சி எழுதியது சும்மா இல்லை. பேரி வயிற்றுக்குள் போய் வேலை செய்ய அவ்வளவு ஆகும். கல்லறையிலிருந்து ஆற்றோர வளைவு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும், அளந்திருப்பீர்கள். நான் அதையெல்லாம் அப்போது கணக்குப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். கணக்கு எனக்குத் தானாக வரும். படித்த படிப்பு அப்படி.

“பாத்துப் போ” என்று சொன்னேன். அதைச் சொன்னது நினைவிருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே கட்டடம், கெல்சி இருந்ததற்கு ஒரு மாடி கீழே. ராய்ஸ் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று கடையையும் பூட்டிவிட்டாராம். சவரம் செய்யவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“வந்தியே மாப்ள. நான் அன்னிக்கு வராதவன், எனக்காக நீ வந்தியே.”

“உக்காருங்க ராய்ஸ்.”

“அத்தன மாசம் எப்டிடா இதே நாக்காலில உக்காந்திருந்த? எனக்கு ஒரு நாளே மூச்சு முட்டுது.”

“பழகிடும்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஜூனிப்பரின் விரல்களைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். நகத்தில் சாயம் பாதி உரிந்திருந்தது. நான் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு வருத்தமாக இருந்தது. கெல்சி கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். அவர் உட்காருவார் என்று எனக்கு எப்போதுமே தெரியும். படுக்கையில் இருக்கும் ஆள்தான் மாறிவிட்டது.

அவள் கண் திறந்தால் சொல்லுங்கள். நான் அதைத்தான் விரும்புகிறேன். நம்புவது உங்கள் இஷ்டம்.

பெட்டியில் கத்தி இருந்ததா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். வண்டியிலும் இல்லை, கல்லறையிலும் இல்லை, அவள் அறையிலும் இல்லை என்கிறீர்கள். நன்றாகத் தேடியிருக்கிறீர்கள். என் சட்டைப் பையை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

இதோ, அந்தப் பெட்டிக்கான கத்தி. பேரி மரத்தில் செய்தது, நம்ம ஊர்த் தோப்பில் கழித்த கிளை. சுற்றியிருக்கும் காகிதத்தைப் பிரிக்கவில்லை. உள்ளே இருப்பது கெல்சியின் கையெழுத்து. விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். வெண்ணெயைக்கூட ஒழுங்காக வெட்டாது. இதை வைத்து ஒருவருக்கும் ஒரு கீறல்கூடப் போட முடியாது.

எழுதிக்கொள்கிறீர்களா? நான் முதலில் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். அதில் மாற்றமில்லை. மற்றப் பெட்டிகளில் இல்லாத எதையும் நான் அந்தப் பெட்டியில் வைக்கவில்லை.